சம்பல் பிசைந்த கை

சம்பலைக் கரண்டியால் கலந்தால் ருசிக்காது, சுகாதாரப் பரிசோதகர் ஐயா. தேங்காய்ப்பூவும் உப்பும் புளியும் விரலுக்குள் நசிந்தால்தான் ஒன்று சேரும். கிண்ணியாவில் எங்கள் பள்ளிவாசலுக்கு நோன்புக் கஞ்சி காய்ச்சுகிறவன் நான். தொட்டுக்கொள்ளும் சம்பலும் என் கைதான். ஸைனுலாப்தீன் என்றால் ஊரில் தெரியாதவர் இல்லை.

போன வருடம் எனக்கு நெருப்புக் காய்ச்சல், நீங்கள் டைபாய்ட் என்கிறது, வந்து சுகமானது. அதன் பிறகு நீங்கள் என்னைப் படகில் ஏற்றித் திருகோணமலைக்குக் கூட்டிப்போய்ச் சோதித்தீர்கள். காய்ச்சல் போய்விட்டது, கிருமி போகவில்லை என்றீர்கள். அது என் பித்தப்பையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறதாம். மலத்தோடு வெளியே வந்து கையில் ஒட்டி, சாப்பாட்டில் இறங்குமாம்.

"உங்களுக்கு ஒண்டும் செய்யாது. சாப்பிடுற ஆக்களுக்குத்தான் ஆபத்து. இனிச் சமைக்க வேண்டாம்" என்றீர்கள்.

"ஓம்" என்றேன்.

நான் முரடன் இல்லை. ஆற அமர யோசித்தேன். கல்லுப்போல நடமாடுகிறவனிடம் என்ன நோய் இருக்கப்போகிறது? கொதித்தால் கிருமி சாகும் என்றும் நீங்களே சொன்னீர்கள், கஞ்சி கொதிக்கிறதுதானே. கஞ்சிப் பானையை விட்டுவிட்டால் இந்த ஊரில் என்னை யார் தேடுவார்கள்? அதைத்தான் என்னால் தாங்க ஏலாமல் இருந்தது. நோன்பு பிறந்ததும் கஞ்சி காய்ச்சப் பள்ளிக்குப் போய்விட்டேன். சம்பல் கொதிப்பதில்லை என்பது ஞாபகம் இருந்தது. அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

பக்கீரின் மகள் ஸுல்பிகா தினமும் கஞ்சிக்கு வாளியோடு வருவாள். "மாமா, சம்பல் கொஞ்சம் கூட வைங்க" என்பாள். வைத்தேன்.

பாதி நோன்பில் காய்ச்சல் வீடு வீடாகப் பரவியது. எல்லோரும் பள்ளிவாசல் கிணற்றின் மேல் பழியைப் போட்டார்கள். கிணற்றுக்கு மருந்து போட நானும் கூட நின்று உதவினேன். ஸுல்பிகாவின் குடலைக் கிருமி அரித்து ஓட்டையாக்கிவிட்டது என்று டாக்டர் சொன்னாராம். மகளின் மையித்தை மண்ணில் அடக்கிவிட்டு வந்த பக்கீர், கூடப்பிறந்த அண்ணனைப்போல என்னைக் கட்டிக்கொண்டு அழுதான்.

"உங்கட சம்பல் எண்டா அவக்கு உசிர், காக்கா. கடைசியாயும் அதைத்தான் கேட்டவ."

எனக்கும் அழுகை வந்தது. மறுநாளும் பிசைந்தேன்.

இப்போது ஏன் செய்தாய் என்று கேட்கிறீர்கள். நீங்கள் சொன்னதை நான் நம்பவே இல்லை, ஐயா. நம்பியிருந்தால் செய்திருப்பேனா? என் மகள் ஸல்ஹாவைப் பாருங்கள், அவளுக்கு ஒரு தலையிடிகூட வரவில்லை. பள்ளிச் சம்பலை அவள் வாயில் வைக்கக் கூடாது என்று நோன்பு தொடங்க முன்னமே வீட்டில் சொல்லி வைத்திருந்தேன்.