நாலாம் நம்பர் பலகை

— ஏய், கதவுல கை வைக்காதே! எடு கையை முதல்ல!

— எடுத்துட்டேங்க. போன்ல எதுக்கு இந்தக் கத்து கத்துறீங்க? லிஃப்ட்டுக்குள்ளதான் மாட்டியிருக்கேன், காது நல்லாத்தான் கேக்குது.

— நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவுல தொங்குறே, வாய் மட்டும் குறையுதா பாரு. பயமா இருக்கா தையக்காரி?

— லிஃப்ட் மெக்கானிக்கைக் கட்டிக்கிட்டு பயந்தா பொழைக்க முடியுமா? ஆனா ஒண்ணு. ஊரு லிஃப்ட்டையெல்லாம் ஓட்டுற கம்பெனியோட சொந்த ஆபீஸ் லிஃப்ட்டு பாதியில நிக்குது. வெளிய சொல்லிடாதீங்க, சிரிப்பாங்க.

— இந்த ஊருக்கே மெக்கானிக் நான் ஒருத்தன். சொந்த லிஃப்ட்டைப் பாக்க நேரம் ஏது? ரெண்டாவது ஆள் வேணும்னு விளம்பரம் கொடுத்துக் கொடுத்து பேப்பர்காரனே அலுத்துட்டான். வர்றவனுக்கு ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரியலை. பிடிக்கத் தெரிஞ்சவன் வெளிநாட்டுக்குப் பறந்துடுறான்.

— கதை அப்புறம். இப்ப எங்க இருக்கீங்க?

— மொட்டை மாடியில, மிஷின் ரூம்ல. போனை ஸ்பீக்கர்ல போட்டு வெச்சாச்சு. மெயின் சுவிட்சை அணைச்சாச்சு. ஒரு கையால பிரேக்கைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால சக்கரத்தைச் சுத்தி உன்னை மேல கொண்டு வரணும். ரெண்டு பேர் பாக்குற வேலை, என்ன பண்றது.

— எந்தக் கையால சக்கரம்?

— அது... வலது கைதான்.

— தோள்ல தசைநார் கிழிஞ்சிருக்கு, இனி பாரம் இழுத்தா கையே விளங்காதுன்னு டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?

— அதுக்காக உன்னைத் தொங்க விட்டுட்டு சாப்பிடப் போகட்டுமா? பாத்துக்கலாம் விடு.

— பாத்துக்கலாமாம், பாத்துக்கலாம்! இப்படிச் சொல்லிச் சொல்லித்தான் ஆபரேஷன் மூணு தடவை தள்ளிப்போயிருக்கு.

— நானா தள்ளினேன்? ரெண்டாவது ஆள் வந்ததும் போய்ப் படுத்துக்கோன்னு மேனேஜர் கறாரா சொல்லிட்டார். அதுக்கும் இன்னைக்கு வழி பிறந்தாச்சு. ஆள் கிடைச்சாச்சு!

— யாராம்?

— யாருக்குத் தெரியும்? பயிற்சி நிலையத்துல ஆறு பேருக்குப் பரீட்சை வெச்சாங்க. ஆளுக்கு ஒரு பலகை. அதுல ஒயர் இழுத்து லிஃப்ட்டுக்கு கன்ட்ரோல் கட்டணும். பேர் கிடையாது, நம்பர் மட்டும். பலகையைப் பாத்து மார்க் போட்டவன் நான். அஞ்சு பலகைக்கு கரண்ட் கொடுத்தா தீயணைப்பு வண்டியைக் கூப்பிடணும். ஆனா அந்த நாலாம் நம்பர் இருக்கே, அடடா! ஒயரையெல்லாம் சேர்த்து நூலால பின்னிக் கட்டியிருக்கான், ஒரு பிசிறு இல்லை. சாயங்காலமானா நீ ஓடுறியே தையல் கிளாஸு, அங்ககூட அப்படி ஒரு முடிச்சு வராது.

— வராதுதான். தப்பே இல்லையாக்கும்?

— ஒண்ணே ஒண்ணு. எர்த் ஒயரை ரெண்டு விரற்கடை நீளமா விட்டிருந்தான்.

— அது ஒரு தப்பா? நாளைக்குக் கழட்டி மாட்ட வசதியா இருக்கட்டுமேன்னு விட்டிருப்பாங்க.

— நீ என்ன அவனுக்கு வக்கீலா? அவன் இப்ப ஏழாவது மாடிக்கு மேனேஜரைப் பாக்க வர்றான். லிஃப்ட் கம்பெனியில லிஃப்ட்டே நிக்குதேன்னு ஒரு கும்பிடு போட்டுட்டு ஓடிட்டான்னா என் தோள் அவ்வளவுதான். ஆமா, எனக்குக் கொண்டாந்த சாப்பாட்டைக் கீழயே கொடுத்திருக்கலாமே, நீ எதுக்கு ஏழாவது மாடி பட்டனை அமுக்கினே? லீவு கேட்டு மேனேஜரோட சண்டை போடவா?

— சண்டையெல்லாம் இல்லை. இன்னைக்கு ஒரு முடிவு பண்ணிட்டுப் போயிடலாம்னுதான். இங்க பாருங்க, அந்தச் சக்கரத்தைத் தொடாதீங்க.

— வேற வழி?

— பெட்டிக்குள்ள நான் ஒருத்திதான் இருக்கேன். எதிர்ப்பக்கம் தொங்குற பாரம் பெட்டியையும் என்னையும் சேர்த்ததைவிட கனம். இடது கையால பிரேக்கை மட்டும் கொஞ்சம் கொஞ்சமா தளர்த்துங்க. பாரம் கீழ இறங்கும், பெட்டி தானா மேல வரும்.

— அட! உன்னை உள்ள வெச்சுக்கிட்டு எனக்கு மூளையே ஓடலை பாரு. உனக்கு எப்படித் தெரியும்?

— நீங்க தூக்கத்துலயும் இதைத்தானே பேசுறீங்க.

— ஆனா மாடிக்கு நேரா வந்ததும் நிறுத்தணும். பெட்டி எந்த மாடியில நிக்குதுன்னு காட்ட கயித்துல போட்ட பெயின்ட் குறியெல்லாம் கிரீஸ்ல மறைஞ்சு கிடக்கு. நின்னு பாத்துச் சொல்ல ஆள் இல்லை.

— கதவுல கண்ணாடி இருக்குங்க. நான் சொல்றேன். தளர்த்துங்க.

— தளர்த்துறேன்... நகருதா?

— நகருது. சுவர்... சுவர்... மெதுவா, மெதுவா! அஞ்சாவது மாடித் தரை தெரியுது. இறங்கி இறங்கி வருது. இன்னும் ஒரு ஜாண்... நாலு விரல்... நிறுத்துங்க!

— நிறுத்திட்டேன்! இப்பக் கதவைத் தள்ளு. பூட்டு விட்டுடும். ரெண்டு கையாலயும் தள்ளு!

— திறந்துடுச்சுங்க. வெளிய வந்துட்டேன். தரையில நிக்கிறேன்.

— அப்பாடா! வயித்துல பாலை வார்த்தே என் கண்ணு. அந்த சாப்பாட்டுப் பையைக் கொண்டா, இங்கயே உக்காந்து... இரு, இரு, மேனேஜர் இன்னொரு போன்ல கூப்பிடுறார். சொல்லுங்க சார்... என்னது, இன்னும் வரலையா? போச்சு! நாலாம் நம்பர் வரவே இல்லையாம் தையக்காரி. ஓடியே போயிட்டான்!

— ஓடலைங்க. ரெண்டு மாடி படியேறி வரணும்ல, கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லுங்க. அப்புறம் மெக்கானிக்கு, தையல் கிளாஸுன்னு சொல்லிட்டு நான் போனது அந்தப் பயிற்சி நிலையத்துக்குத்தான். அந்த எர்த் ஒயரை நான் வேணும்னேதான் நீளமா விட்டேன்.