மண்டோர் வீட்டு லேப்டாப்

இல்ல தம்பி, நீங்க உங்க வேலையப் பாருங்க, நான் இந்த ஓரமா நின்னுக்கிறேன். பயமா? கட்டுன புருசன்கிட்ட எனக்கென்ன பயம் லா. சவப்பெட்டிக் கடை ஆளுங்க ஒடம்பக் குளிப்பாட்டி சட்ட போடுற வரைக்கும் பொம்பளைங்க உள்ள வரக்கூடாதுன்னு எங்க மூத்தாரு சொன்னாரு. இவரோட அண்ணன், தங்கராஜு. வெளிய கூடாரத்துல நின்னு எல்லாரையும் அதட்டிக்கிட்டு இருக்காரே, அவருதான். அவரு ஆயிரம் சொல்வாரு. அந்தக் கதவ மட்டும் கொஞ்சம் சாத்திருங்க.

இதுவா? லேப்டாப்பு. நீங்களும் ஒரு மாதிரியாத்தான் பாக்குறீங்க. புருசன் கட்டையா கெடக்குறான், இவ கம்ப்யூட்டர கட்டிப் புடிச்சிக்கிட்டு அலையிறான்னு பக்கத்து வீட்டு புஷ்பவள்ளி என் காது படவே சொன்னா. சொல்லட்டும். மூணு மணிக்கு இவர எடுக்குறாங்க. அதுக்குள்ள நான் இத தெறந்தாவணும். அப்புறம் என்ன தலகீழா நின்னாலும் முடியாது.

காசு விசயமா? சீச்சி. மண்டோரு வீட்டுல என்னா காசு தம்பி. செம்பனைத் தோட்டத்துல ஆளுங்கள வச்சி பழக்குலை வெட்டுற வேல இவருக்கு. அதுக்குத்தான் இது. மத்த லேப்டாப்பு மாதிரி இல்ல, இந்தா பாருங்க, பின்னால அப்படியே மடக்கிட்டா சிலேட்டு. கையில புடிச்சிக்கிட்டு மரத்துக்கு மரம் போவாரு, எவன் எத்தன குலை வெட்டுனான்னு பேனாவால கண்ணாடி மேலயே எழுதுவாரு. மழ வந்தா சட்டைக்குள்ள போட்டுக்கிட்டு நனைவாரு. மத்தியானம் நிமித்தி வச்சி ரெண்டு வெரலால தட்டி ஆபீஸ்ல கணக்கு எழுதுற கெராணிக்கு அனுப்பிருவாரு. ஓரமெல்லாம் பாருங்க, செம்பனைப் பிசுக்கு. எத்தன தடவ தொடச்சாலும் போவாது.

வீட்டுலயும் இதேதான். மேச மேல கூடாரம் மாதிரி நிப்பாட்டி வச்சி நியூசு பாப்பாரு, லெட்ரிக் பில்லு கட்டுவாரு, கோயில் திருவிழாவுக்கு நோட்டீசு அடிப்பாரு. நான் வெங்காயம் உரிச்சிக்கிட்டே நாடகம் பாப்பேன். டிவி கெட்டுப் போனப்ப புதுசு வாங்கவே இல்லன்னா பாத்துக்குங்க. சட்டுனு சூடாயிரும், பேட்டரி நிக்காது, அது ஒண்ணுதான் கொற.

நம்பரெல்லாம் போட்டுப் பாத்தாச்சு தம்பி. பொறந்த நாளு, காடி பிளேட்டு நம்பரு, வீட்டு நம்பரு. அது கோவிச்சிக்கிட்டு பூட்டிக்கிச்சு, அணைச்சிப் போட்டப்புறம்தான் திரும்ப வந்துச்சு. லுக்குட் டவுன்ல கம்ப்யூட்டர் கடை வச்சிருக்க பையனுக்கு போன் அடிச்சேன். உள்ள இருக்கறத எல்லாம் அழிச்சிட்டுத்தான் தெறக்கலாம் ஆண்ட்டிங்கறான். உள்ள இருக்கறதுதானடா எனக்கு வேணும்னேன்.

ஆமா, பிள்ளைங்க இல்லன்னுதான் உங்க மொதலாளிகிட்ட மூத்தாரு சொல்லியிருப்பாரு. வாசல்ல ஒட்டுன சாவு நோட்டீசுலயும் பிள்ளன்னு யாரு பேரும் இல்ல. இருக்கா தம்பி. ஒரே மவ. ரதி. நீலாய் காலேஜ்ல தங்கிப் படிச்சா, இது அவளுக்கு வாங்குனதுதான். படிச்சி முடிச்சி வந்தவ, இவருக்குக் கீழ குலை வெட்டுன பங்களாதேஷ்காரப் பையனோட போயிட்டா. நல்ல பையன்தான், காலையில ஆள் எண்ணுற பெரட்டுக்கு மொத ஆளா வந்து நிப்பான்னு இவரே சொல்வாரு. ஆனா அத வெளிய சொல்ல முடியுமா? மூத்தாரு வந்தாரு. கொழாயடியில இவர உக்கார வச்சி, அவ செத்துட்டா, தலைமுழுகுன்னாரு. சொந்தக்காரங்க அத்தன பேரும் சுத்தி நிக்கிறாங்க. இவரு அண்ணன் பேச்ச ஒரு நாளும் தட்டுனதில்ல. உக்காந்தாரு. வாளி வாளியா ஊத்துனாங்க. பக்கத்துல எனக்கும் ஊத்துனாங்க. பெத்த வயிறு எரியுது, நான் கதறுறேன், இவரு கல்லு மாதிரி உக்காந்திருக்காரு. மனுசனா இவன்னு நெனச்சேன். இவரு கையால தண்ணி வாங்கிக் குடிக்கக்கூட எனக்குப் புடிக்காமப் போச்சு.

அதோட அவளோட சாமானெல்லாம் எரிச்சாங்க. இத மட்டும் இவரு குடுக்கல. குலை கணக்குக்கு ஆவும்ணேன்னு எடுத்து வச்சிக்கிட்டாரு.

அப்புறம் ஒரு நா சாயங்காலம் குளிக்கப் போறேன், தண்ணி வரல. திரும்பி வந்தா குசினியில இவரு கொரலு. சாப்டியாம்மா, காச்சல் விட்டுச்சா, பனடோல் மட்டும் போதாது, கிளினிக்குக்குப் போன்னு சொல்றாரு. இதுக்குள்ளருந்து எம் மவ, ஆமாப்பா ஆமாப்பாங்கறா. நடுவுல ஒரு கொழந்த கத்துது. செவுத்தோட ஒட்டி நின்னு கேட்டேன் தம்பி.

ஏன் உள்ள போவலையா? போனா இவரு பயந்துகிட்டு நிறுத்திட்டா? மூத்தாரு காதுக்குப் போச்சுன்னா? கொரலாச்சும் கேக்குதே, அது போதும்னு இருந்துட்டேன். அதுலருந்து தெனமும் பாத்ரூம் கொழாயத் தெறந்து விட்டுட்டு கதவுக்குப் பின்னால நிப்பேன். வாளி நெறஞ்சு வழியும். இவ்வளவு நேரமா என்னாடி குளிக்கிறேன்னு இவரும் ஒரு நாள் கேட்டதில்ல. தண்ணி பில்லு ஏறுது, அதையும் வாய் தெறக்காமக் கட்டுனாரு.

போன்ல அவ நம்பரு இல்ல. அத மூத்தாரு வீட்டு ஆளுங்க சும்மா சும்மா வாங்கிப் பாப்பாங்கன்னு இவருக்குத் தெரியும். எல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு. எந்த ஊர்ல இருக்கான்னுகூட எனக்குத் தெரியாது. இன்னைக்கு சாயங்காலம் அவ கூப்புட்டுப் பாப்பா, அப்பா எடுக்க மாட்டாரு. அப்பாவுக்கு வேலன்னு நெனச்சிக்குவா. அவ வர முடியாட்டி போவட்டும், அப்பன் முகத்த இதுலயாச்சும் பாத்து அழட்டும். எரிச்சதுக்கப்புறம் சாம்பலக் காட்டவா?

இருங்க, இருங்க தம்பி, அந்தப் பசைய எடுக்காதீங்க. கண்ண ஒட்டிட்டா எல்லாம் போச்சு. காலையிலருந்து நானும் மூடி மூடி விடுறேன், லேசா தெறந்துக்குது. யாரையோ தேடுற கண்ணுன்னு வெளிய பேசிக்கிறாங்க. யாரன்னு ஒருத்தரு கேக்கல.

நம்பரு எதுக்கு, இவரு என்னைக்கு நம்பரு தட்டுனாரு? இதுக்கு முன்னால உக்காந்து பாப்பாரு, மூஞ்சியப் பாத்துட்டு அதுவா தெறந்துக்கும். முழிச்சிருக்கணும், அவ்வளவுதான். மூத்தாருகிட்ட கேட்டா என்ன அடிச்சே தொரத்திருவாரு. அதான் ஒங்ககிட்ட சொல்றேன். தாடக்கட்ட மட்டும் கொஞ்சம் அவுத்து விடுங்க, மொகத்த மறைக்குது. மூக்குக்கண்ணாடிய நான் போட்டு விட்டுட்டேன். இந்தா, நேரா புடிச்சிருக்கேன். நீங்க ரெண்டு எமையையும் தூக்கிப் புடிங்க.