கிரெட்ஸ் வாங்கின பேட்டன்ட்

திருட்டுப் பய சார் அந்த ஃபெட்டர்ஹோஃப்! எங்க ரயில் யார்டுல என்கூடவே வேகன் ரிப்பேர் பாக்கறவன். பன்னெண்டு வருஷமா என் ரொட்டியில பாதிய தின்னவன், இப்ப என் ரெஞ்சையே காப்பியடிச்சு ரயில் கம்பெனிக்கு விக்கறான்னா... காலைக் கொஞ்சம் நகத்திக்குங்க, விழுந்தா விரல் போயிரும்... ஆங், இதான் சார் அந்த ரெஞ்சு. இந்த ரயில் பிட்ஸ்பர்க் போய்ச் சேந்ததும் வக்கீலைப் பாத்து அவன் மேல கேஸ் போடாம வீடு திரும்ப மாட்டான் இந்தக் கிரெட்ஸ்!

கரி வேகன் பாத்திருக்கீங்களா? அடியில கதவு. கொக்கியத் தட்டினா தானா 'தடால்'னு விழும், கரி கொட்டிரும். அது சுலபம். திரும்ப மேல தூக்கறதுதான் சார் உயிர் போற வேலை! கதவைத் தூக்கற தண்டுல கடப்பாறைய சொருகி கால் சுத்து சுத்தணும், உருவணும், மறுபடி சொருகணும்... இதுல அந்த வம்பே கெடையாது. வேகன் பக்கத்துல நின்னு மாட்டிட்டு முன்னயும் பின்னயும் ஆட்டினாப் போதும். ஒரு பக்கம் மட்டும் பிடிச்சுச் சுத்தும், மறுபக்கம் சும்மா வரும். கிர்ர்... கிர்ர்... கதவு ஏறிக்கிட்டே போகும். நீங்க முட்டைய சாப்பிடுங்க சார், நான் பாட்டுக்குப் பேசறேன்.

இந்தாங்க, முத்திரை போட்ட பேட்டன்ட். படம் நானே வரைஞ்சது! என் வீட்டுக்காரி லாட்டி, "மேஜையில உக்காந்து வரைஞ்சா என்ன?"ன்னா. மேஜையிலயா வேகன் நிக்குது? வேகனுக்கு அடியில மல்லாக்கப் படுத்து, மூக்குல கிரீஸ் சொட்டச் சொட்ட, பாத்தது பாத்தபடி வரைஞ்சேன். பேட்டன்ட் மனு எழுதின வக்கீல் குமாஸ்தா, "எந்தப் பக்கம் சுத்துதுன்னு ஒருதரம் சரிபாத்துரலாமா?"ன்னான். "ஒரு கோட்டைத் தொட்ட, கைய ஒடிச்சிருவேன்"னேன். படத்துல நான் போட்ட அம்புக்குறியப் பாத்து அப்படியே எழுதிட்டான்.

என்ன சார், அந்த அம்புக்குறி மேலயே விரல வெக்கறீங்க? இடது பக்கம்... ஆமா, இடது. கையில இருக்கற ரெஞ்சு வலது பக்கம் சுத்துது... ஆமா, அடியில படுத்து அந்தப் பக்கத்துலேருந்து பாத்தா மாறித்தான தெரியும்...

ஐயையோ.

அப்ப நான் பேட்டன்ட் வாங்கினது கதவை எறக்கற ரெஞ்சுக்கா? அவன் விக்கறது தூக்கறது. கேஸே நிக்காதா? ஞாயித்துக்கிழமை சர்ச்சு வாசல்ல, பாதிரியாரை வெச்சுக்கிட்டு, அவனைத் திருடன்னு கத்தினேனே சார்! வாய்ல முட்டைய வெச்சுக்கிட்டு சிரிக்காதீங்க, பொரையேறிரும்.

சார்... ஓடற ரயில்ல எங்க எந்திரிச்சுப் போறீங்க? கேலியாவா இருக்கு? தானா விழற கதவை எறக்கி விட, இந்த அமெரிக்கா பூராவுலயும், பதினேழு வருஷத்துக்கு, எனக்கு ஒருத்தனுக்குத்தான் சார் உரிமை!