பின்னாடி உக்கார்றவங்களுக்கு என்ன கஷ்டம்?

...இல்ல சார், நீங்களே சொல்லுங்க, ஒரு மனுஷன் உசரமா பொறந்தது குத்தமா? நல்லா புடிச்சு உக்காருங்க. கால... ஆங், கால மட்டும் கொஞ்சம் தூக்கியே வெச்சுக்கோங்க. சைலன்சர் சுடும். அது வலது பக்கம். இடது பக்கம் பயமே இல்ல, செயின் மட்டும்தான்.

நான் பேசறது கேக்குதா சார்? காத்துல பாதி போயிடும். அதனாலதான் எதுக்கும் ரெண்டு தடவ சொல்லிடறது. எதுக்கும் ரெண்டு தடவ சொல்லிடறது சார்!

பஸ் ஸ்டாப்புல நீங்க நின்ன நிலையப் பாத்தேன். பஸ் இனிமே வராதுன்னு மொகத்துலயே எழுதி ஒட்டியிருந்துச்சு. சரி, நாமளும் அந்தப் பக்கம்தானே போறோம், ஏத்திக்குவோம்னு... பெரிய மனசெல்லாம் ஒன்னும் இல்ல சார், பொய் சொல்லக்கூடாது. எனக்கு ஒரு சாட்சி வேணும்.

சாட்சின்னதும் எதுக்கு என் தோள இப்படி இறுக்கறீங்க? கோர்ட்டுக்கு இல்ல. என் சகலை வீட்டுக்கு. ரயில்வே கேட்டத் தாண்டினா கூப்பிடு தூரம். என் பொண்டாட்டி அங்கதான் இருக்கா, அவ அக்கா வீட்ல. நீங்க வாசல்ல நின்னு ஒரே ஒரு வார்த்த சொன்னா போதும். 'வண்டி பஞ்சு மெத்த மாதிரி இருந்துச்சும்மா.' அவ்ளோதான். உங்களுக்கும் எனக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல, அதனால நீங்க சொன்னா நம்புவா. நான் சொன்னா நம்ப மாட்டா. உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா? அப்ப நான் வெளக்க வேண்டியதில்ல.

ஸ்பீடு பிரேக்கர் வருது, ஜாக்கிரத... ஹப்பா! என்ன சார், ஒரு ஜாண் மேல போயிட்டு வர்றீங்க? கால ஊனி எழுந்திரிக்க... ஆங், அது முடியாதுல்ல. சரி விடுங்க. வந்து உக்காந்துட்டீங்கல்ல.

எங்க விட்டேன்? ஆங், உசரம். இந்த உலகத்துல சாமான் செய்யறவன் எல்லாருமே குட்டையான ஆளுங்க சார். கட்டில்ல படுத்தா பாதம் வெளிய. கண்ணாடி முன்னாடி நின்னா கழுத்து வரைக்கும்தான் தெரியும், மிச்சத்த நானே கற்பன பண்ணித்தான் தல வாரணும். பஸ்ல ஏறினா கூர தட்டும். கழுத்த சாச்சுக்கிட்டே நிப்பேன். பாக்கறவங்க, பாவம், மனுஷன் ஏதோ கவலையில இருக்காருன்னு எழுந்து சீட்டு குடுக்கறாங்க. உக்காந்தா முன் சீட்டு முதுகுல முட்டி இடிக்குது. திரும்ப எழுந்து கவலப்படறது!

அதனாலதான் வண்டி வாங்கினேன். வாங்கி? ஃபுட்ரெஸ்டுல கால வெச்சா முட்டி ரெண்டும் மார்பு கிட்ட வருது. வண்டி ஓட்டற மாதிரி இல்ல, கொழந்தைங்க மூணு சக்கர சைக்கிள் மிதிக்கற மாதிரி. இதுல இடது பக்கம் திரும்பினா ஹேண்டில் வந்து முட்டியில இடிக்கும். அந்தப் பக்கம்தான் ஹாரன் பட்டன். ஒவ்வொரு தடவ இடது பக்கம் திரும்பும்போதும் முட்டி ஹாரன அடிக்கும் சார்! எங்க தெருவுக்குள்ள நொழையவே இடது பக்கம்தான் திரும்பணும். தெரு முனையில இஸ்திரி போடற அண்ணாச்சி, தெனமும் நான் அவரக் கூப்பிடறேன்னு நெனச்சு பொட்டிய வெச்சுட்டு ஓடி வருவாரு. ஒருநாள் அதுலயே யாரோட சட்டையோ பொசுங்கிடுச்சு. பழி யார் மேல? என் மேல. என் முட்டி மேல.

இப்ப பாருங்க, இடது பக்கம் திரும்பறேன்... கேட்டுச்சா? கேக்கல பாத்தீங்களா! அதுதான் வேல. எல்லாம் நம்ம வெல்டர் கைவண்ணம். ஐடியா மட்டும் என்னுது.

ஒரே நாள்ல வந்துடல சார் அந்த ஐடியா. முதல்ல ஃபுட்ரெஸ்ட எறக்கிப் பாத்தோம். 'அண்ணே, ஒரு மூணு விரக்கடை எறக்கித் தரேன், முட்டி விரியும்'னான் வெல்டர். முட்டி விரிஞ்சுது, வாஸ்தவம்தான். ஆனா கியர் லிவர் பழைய எடத்துலயே நின்னுடுச்சு. கியர் மாத்தணும்னா நொண்டி விளையாடற மாதிரி கால மேல தூக்கணும். சோம்பேறித்தனம்... ரெண்டாவது கியர்லயே ஒரு வாரம் ஆபீஸ் போனேன். வளைவுல சாஞ்சா ஃபுட்ரெஸ்டு ரோட்ல ஒரசி நெருப்புப்பொறி பறக்குது. பின்னாடி வந்த ஒரு பையன் கை தட்டறான் சார், வித்த காட்டறேன்னு நெனச்சு!

சரின்னு அத பழையபடி ஏத்திட்டோம். அப்புறம்தான் எனக்குப் பளிச்சுன்னு பட்டுச்சு. முன்னாடி லெக் கார்டு இருக்கே, அந்த வளைஞ்ச கம்பி, அதுல ரெண்டு பக்கமும் ஒரு ஃபுட்ரெஸ்டு வெச்சா? நேர் ரோட்ல கால நீட்டிப் போட்டுக்கலாம். சாய்வு நாற்காலி மாதிரி! வெல்டர் சொன்னான், 'அண்ணே, பிரமாதம். ஆனா இன்னும் ஒரு ஜோடி ஃபுட்ரெஸ்டு வேணும், வாங்கிட்டு வாங்க.' எதுக்குடா வாங்கணும்னேன். பின்னாடி ஒரு ஜோடி வெட்டியாத்தானே தொங்குதுன்னேன். கழட்டினான், கிளாம்ப் போட்டு முன்னாடி மாட்டினான், முடிஞ்சுது. அதுவும் மடக்கற டைப்பு வேற. வேணும்னா நீட்டிக்கலாம், வேணாம்னா மடக்கிக்கலாம். என்ன ஒரு சொகம் தெரியுமா! இப்ப உங்ககூட பேசிக்கிட்டே கால நீட்டிட்டு வரேன் பாருங்க. பாக்க முடியலையா? குனியாதீங்க, குனியாதீங்க, விழுந்துடுவீங்க!

என்னது, செருப்பா? விழுந்துடுச்சா? எந்தக் கால்? வலதா? அட, அவளுக்கும் அதே வலதுதான் சார்! கவனமே கெடையாது. எங்க வீட்டு செருப்பு ஸ்டாண்டு பூரா இடது கால் செருப்பா நிக்குது. போன வாரம் ஒன்னு, அதுக்கு முன்னாடி ஒன்னு. செருப்ப ஒழுங்கா போட்டுக்கத் தெரியாதான்னு கேட்டா, ஒரு பார்வ பாப்பா பாருங்க... சரி, இப்ப நிறுத்த முடியாது, பின்னாடி லாரி வருது. சகலைகிட்ட ஒரு ஜோடி வாங்கித் தரேன். அவன் பாதம் சின்னது. சமாளிச்சுக்கோங்க.

அந்த சகலை இருக்கான் பாருங்க... மனுஷன் என் இடுப்பு உசரம். அவன்கிட்ட ஒரு ஸ்கூட்டர். போன மாசம் என் பொண்டாட்டிய அதுல கொண்டுவந்து விட்டான். எறங்கினா சார், சிரிச்சுக்கிட்டே எறங்கினா! எறங்கி, 'மாமா வண்டியில உக்காந்த மாதிரியே தெரியல'ங்கறா. என் வயிறு எரியுமா எரியாதா? என் வண்டியில வந்தா மட்டும் எறங்கும்போது சுவத்தப் புடிச்சுக்கிட்டு நிப்பா. தொட நடுங்குதும்பா. கால் வெக்க எடமில்லம்பா. நான் சொன்னேன், உனக்குக் கால் குட்ட, எடம் இருந்தாலும் எட்டாதுன்னு. தமாஷுக்குத்தான் சொன்னேன். சிரிக்கல.

தப்பா நெனக்காதீங்க, அக்கறையில்லாத ஆளு இல்ல நான். தைலம் வாங்கிக் குடுத்தேன். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன், இதே வண்டியிலதான். அவரும் பாத்துட்டு எலும்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு, எதுக்கும் நடைய கொறைங்கன்னாரு. கணுக்கால்ல ஒரு சூட்டுத் தழும்பு வேற. எப்படிம்மா வந்துச்சுன்னு கேட்டாரு. அவ என் மொகத்தப் பாத்தா. அடுப்புல பட்டிருக்கும்னு நான்தான் பதில் சொன்னேன். வேல செய்யறப்ப நெனப்பு எங்கயோ இருக்கும் அவளுக்கு.

பொறுங்க, கேட்டு போட்டுட்டான். போச்சு. இனி ரயில் போற வரைக்கும் நிக்க வேண்டியதுதான். எறங்கறீங்களா? எறங்குங்க, எறங்குங்க... என்ன சார், நீங்களும் சைடு கம்பியப் புடிச்சுக்கிட்டு நிக்கறீங்க? மரத்துப் போச்சா? உதறுங்க, சரியாயிடும்.

விஷயத்துக்கு வரேன். போன ஞாயித்துக்கிழம அவ அக்கா வீட்டுக்குக் கெளம்பணும்னா. வண்டியத் தொடச்சு நிறுத்தறேன், 'நான் பஸ்ல வரேன், நீங்க வண்டியில வாங்க'ங்கறா! பொண்டாட்டி பஸ்ல, புருஷன் வண்டியில. தெரு சிரிக்காது? எனக்கு ரோஷம் வந்துடுச்சு. வந்தா என் வண்டியில வா, இல்லன்னா அங்கயே இருந்துக்கோன்னுட்டேன். வாய் தவறி வந்துடுச்சு சார். அவ வாய் தவறல. 'சரி, அங்கயே இருந்துக்கறேன்'னு பையத் தூக்கிட்டுப் போயிட்டா.

நாலு நாளா வீடு வீடா இல்ல. அந்த ஒத்தச் செருப்புங்கதான் என்னப் பாத்துக்கிட்டு நிக்குதுங்க. காலையில ஃபோன் பண்ணி, கூட்டிட்டுப் போக வரேன்னேன். 'வாங்க, வண்டிய விட்டுட்டு வாங்க'ன்னா. அதனாலதான் உங்கள... நீங்க சொல்லுவீங்கல்ல சார்? பஞ்சு மெத்த மாதிரின்னு?

ஏன் சார் தலைய ஆட்டறீங்க? பின்னாடி உக்கார்றவங்களுக்கு என்ன சார் கஷ்டம்? கிளட்ச் உண்டா, கியர் உண்டா, பிரேக் உண்டா? சும்மா உக்காந்து வர்றதுதானே... என்ன? நானா? நான் உக்காந்து பாக்கறதா? பந்தயமா! இதோ, ஸ்டாண்டு போட்டாச்சு, உக்காந்தாச்சு. என்ன கொற? கால் ஜம்முனு தரையில... ஆமா, ஓடற வண்டியில தரையில வெக்க முடியாதுதான். ஒத்துக்கறேன். தூக்கிக்கறேன். இதோ பாருங்க. தூக்கிட்டேன். ஒன்னும் தெரியல. இப்படியே ஊர் எல்ல வரைக்கும்... வரைக்கும்... சார், இந்தத் தொட ஏன் தானா ஆடுது? எங்கயாவது கொஞ்சம் வெச்சா... எங்க வெக்கறது? இங்க ஒன்னும் இல்லையே. வெறும் ஓட்டதான் இருக்கு. போல்ட் ஓட்ட. சரி, வலது கால மட்டும் ஒரு நிமிஷம் கீழ விட்டுக்... ஆ! ஆ! சுட்டுடுச்சு சார்! சைலன்சர்! தோலே...

கணுக்கால்.

...

எந்த வீட்ல சார் கணுக்கால் உசரத்துல அடுப்பு இருக்கு?

அன்னைக்கு டாக்டர்கிட்டயும் நானே பதில் சொன்னேன். அவ என் மொகத்தப் பாத்துக்கிட்டே இருந்தா. சார், அவ என்கிட்ட எத்தன தடவ... சார்? சார்! எங்க போறீங்க, கேட்டு ஓரத்துல இருக்கற அந்தச் சின்ன வழியா? ஒத்தச் செருப்போட ரயில் தண்டவாளத்துல... அட ரயில் போயிடுச்சா? எப்ப போச்சு?

யாருய்யா ஹாரன் அடிக்கறது? கேட்டு தொறந்தா தொறக்கட்டும்! ஓட்டறவன் எங்கேயா? நான்தான் ஓட்டறவன். ஆமாய்யா, பின்னாடி உக்காந்திருந்தா ஓட்டறவன் இல்லன்னு ஆயிடுமா? சுத்திப் போங்க. ஓரமாத்தானே நிக்கறேன். நீங்க, ஆட்டோக்காரரே, நீங்க நில்லுங்க. உங்க டப்பாவுல ஸ்பேனர் இருக்குமா? முன்னாடி இருக்கற ரெண்டு ஃபுட்ரெஸ்டையும் கழட்டி இங்க பின்னாடி மாட்டணும். ஓட்டையெல்லாம் அப்படியேதான் இருக்கு. பத்து நிமிஷ வேல. என் முட்டியா? அது ஹாரன் அடிக்கட்டும்ங்க. இஸ்திரிக்காரரு ஓடி வரட்டும், நான் சொல்லிக்கறேன்.

சார்ர்! கேக்குதா? சாட்சியெல்லாம் வேணாம் சார்! திரும்பி வர்றப்ப... இல்ல, திரும்பறப்ப எடம் இருக்காது. அவ வருவா! அவ வந்துட்டா எடம் இருக்காது சார்!

எதுக்கும் ரெண்டு தடவ சொல்லிடறது.