மல்லாட்டைக்காரப் பொன்னி சேர்த்த சொற்கள்

அவைக்குத் தலைமை தாங்கும் வக்கீல் சீனுவாசன் அவர்களே! வாசகசாலையை வாழவைக்கும் வணிகப் பெருமக்களே! வெயிலையும் பாராது வந்து வீற்றிருக்கும் விழுப்புரத்துப் பெரியோர்களே! தட்டிக்கு அப்பால் அமர்ந்து, ஆடவர் பேச்சையெல்லாம் பொறுத்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே! அடியேன் திண்டிவனத்து வாத்தியார் முருகையனின் அன்பு வணக்கம்.

'அரிய ஆங்கிலச் சொற்களை அள்ளிச் சேர்ப்பது எப்படி?' என்று பேச அழைத்தீர்கள். அகராதியைப் புரட்டுங்கள் என்பேன் என்றுதானே எதிர்பார்த்தீர்கள்? இல்லை ஐயா, இல்லை! திண்டிவனம் ரயிலடிக்குப் போங்கள் என்கிறேன். அங்கே அவித்த மல்லாட்டை, அதுதான் ஐயா வேர்க்கடலை, விற்கிறார் பொன்னி. பிரம்மதேசத்துப் பக்கம் குடியிருப்பு, கூலிக்காரக் குடும்பம், எழுத்து ஒன்றும் அறியார். ஆனால் யாரேனும் புதிய இங்கிலீஷ் வார்த்தை ஒன்றைப் பொருளோடு சொல்லிவிட்டால், கொசுறாக ஒரு கை மல்லாட்டை கூடப் போடுவார்!

சிரிக்கிறீர்களா? நானும் சிரித்தவன்தான். 'கான்ஃபிளக்ரேஷன்' என்றால் பெருந்தீ என்று ஒரு துரை சொல்லிக் கொடுத்தாராம். மறுநாள் மருமகளின் அடுப்பு புகைய, அம்மையார் அதைக் கூவிய கூவலில் தெருவே குடத்தோடு ஓடிவந்ததாம்!

சென்ற ஆடியில் நடந்ததைக் கேளுங்கள். பண்ணைக் காரியஸ்தர் ஒருவர் அந்தக் குடியிருப்புக்குக் கோர்ட்டுக் காகிதம் ஒன்றைக் கொண்டுபோனார். "கெணறு வெட்ட மனு. ஆளுக்கொரு கைநாட்டு வையுங்க" என்றார். அதை வாசித்துச் சாட்சிக் கையெழுத்துப் போட யாரைக் கூட்டிப்போனார்? பீ.ஏ. படித்த என்னை! இங்கிலீஷிலேயே முழங்கினேன் ஐயா, முழங்கினேன். நாக்கு படித்தது, நெஞ்சு படிக்கவில்லை. ஜனங்களின் கட்டைவிரல்களில் மையும் ஏறிவிட்டது.

அப்போது பொன்னி எழுந்தார். "கொஞ்சம் இருங்க சாமி. ரெலிங்குவிஷ்னு ஒன்னு படிச்சீங்களே, அது இன்னாத்துக்கு இதுல?"

காரியஸ்தர் சீறினார். "உனக்கு இன்னாடி தெரியும்? ஜல்தியா கையை வையி!"

"ரயில்ல வந்த ஒரு வக்கீலய்யா சொன்னாருங்க. நம்ம பாத்தியதையை நாமளே விட்டுட்டுப் போறதாம். கெணறு கேக்கறவங்க எதுக்கு விட்டுக்கினு போவணும்? வாத்தியாரய்யா, தமிழ்ல ஒருவாட்டி படிங்க. அப்புறமா வெக்கிறோம்."

படித்தேன் பெரியோர்களே, வரிவரியாகத் தமிழில் படித்தேன்! கிணறு என்ற பேச்சே அதில் இல்லை. குடியிருக்கும் மனை அத்தனையையும் பண்ணைக்கு விட்டுவிட்டு, அறுவடைக்குள் வெளியேறச் சம்மதம் என்றிருந்தது! மை ஏறிய விரல்களை வேட்டியிலும் சேலையிலும் துடைத்துக்கொண்டு ஜனங்கள் எழுந்துவிட்டார்கள். காரியஸ்தர் வந்த வண்டியிலேயே திரும்பினார்.

அந்தச் சொல் எனக்குத் தெரியாதா? அதைப்போல ஆயிரம் தெரியும்! நான் வாசித்தேன், அவர் யோசித்தார். நான் மினுக்கினேன், அவர் தட்டிக் கேட்டார். முப்பது குடும்பம் இன்றும் தன் கூரையின் கீழ் கேப்பைக் கூழ் குடிக்கிறது. சொற்களைச் சேர்ப்பது வேறு எதற்கு ஐயா?

என்ன தலைவரே, மணியாயிற்றா? இதோ முடித்தேன். எனக்கு 'ஆங்கிலச் சொற்கடல்' என்று பட்டம் தரப்போகிறீர்களாம். அது எனக்கு வேண்டாம். உரியவரை நானே ரயிலேற்றி அழைத்து வந்திருக்கிறேன். "எங்களையெல்லாம் உள்ள வுட மாட்டாங்க சாமி" என்று பந்தல் கயிற்றுக்கு வெளியே நிற்கிறார். முன்வரிசை ஐயாமார்களே, வழி விடுங்கள்! பொன்னியம்மா, உள்ளே வாருங்கள். எனக்குப் போட்ட நாற்காலி இதோ இருக்கிறது. நீங்கள் வந்து உட்காரும்வரை நான் நின்றுகொண்டே இருப்பேன்.

செவிகொடுத்த சபைக்கு என் நன்றி. வருகிற அம்மாவுக்கு என் வணக்கம்!