வாய்தா நாள்

நான் பொய் பேசுகிற ஆளில்லை, ஐயா. ரிஷிவந்தியத்து வீட்டைப் பார்க்க வந்தவரிடம்கூட, மேற்குச் சுவர் மழைக்கு ஊறும் என்று முதல் பேச்சிலேயே சொல்லிவிட்டேன்.

வந்தவர் வேடியப்பன், வெள்ளிமலையில் கடுக்காய் வியாபாரம். வீடு அவருக்குப் பிடித்துப்போயிற்று. என் மகள் கண்ணகியின் கல்யாணம் அந்த விற்பனையைத்தான் நம்பி நின்றது. குறுக்கே நின்றவள் என் அத்தை இருசம்மாள். உயிரோடு இருக்கும்வரை அவள் அங்கேயே குடியிருக்கலாம் என்று அப்பா உயிலில் எழுதிவைத்திருந்தார். விற்கக் கூடாதென்று அவள் கோர்ட்டில் தடை வாங்கிவிட்டாள். மூன்று வருஷம் வாய்தா மேல் வாய்தா. ஒரு தடவை வக்கீல் வரமாட்டார், ஒரு தடவை கேஸ் கட்டைக் காணோம் என்பார்கள். எனக்கு அலுத்தே போயிற்று. "அவங்க ஆயுசோட கேஸும் முடிஞ்சுடும், பொறுமையா இருங்க" என்றார் என் வக்கீல். "ஐப்பசிக்குள்ள முடியலன்னா வேற வூடு பாத்துக்கறேங்க" என்றார் வேடியப்பன். இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

எண்பத்தேழாம் வருஷம் புரட்டாசி, இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வாரம். அன்றைக்கு வாய்தா. பஸ் இல்லாவிட்டால் நடந்தே போவேன் என்று கிளம்பிய அத்தைக்குக் காலையிலேயே இழுப்பு வந்துவிட்டது. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு என் மாட்டுவண்டியில் நானே ஏற்றிக்கொண்டு போனேன். மூச்சு வாங்குகிறது, அப்போதும் கோர்ட் காகிதம் வைத்த மஞ்சள் பையை அவள் விடவில்லை. அவ்வளவு பிடிவாதம்.

தியாகதுருகத்துக்கு முன்னால் ரோட்டின் குறுக்கே புளியமரம் கிடந்தது. மறியல்காரர்களில் பாவாடை என்பவன் வண்டியை நிறுத்தினான்.

"நோயாளின்னா நாங்களே கிளைய வெட்டி வழி வுடறோங்க. நேத்து ஒருத்தன் நோயாளின்னு சொல்லிக்கினு கல்யாணத்துக்குப் போய்ட்டான். நீங்களே சொல்லுங்க, இன்னா விஷயமா போறீங்க?"

அத்தைக்குப் பேச மூச்சில்லை. என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"இன்னைக்குக் கோர்ட்டுல வாய்தாங்க" என்றேன்.

பாவாடை மஞ்சள் பையைப் பார்த்தான். "ஆயா நல்லாத்தான் நடிக்குது. வண்டியத் திருப்புங்க" என்றான்.

திருப்பினேன். வெயில் ஏறிவிட்டதால் மாடுகளை விரட்டவில்லை. ஏரிக்கரை வருவதற்குள் சட்டையைப் பிடித்திருந்த கை தளர்ந்துவிட்டது.

ஐப்பசியில் பத்திரம் பதிவாயிற்று. கண்ணகி நன்றாக இருக்கிறாள்.

கருமாதி அன்று பாவாடை வந்து என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். "நான்தாங்க கொன்னுட்டேன்" என்றான். எனக்கு மனசு கேட்கவில்லை. தூக்கி நிறுத்தி, "உன் மேல ஒரு தப்பும் இல்லப்பா" என்றேன்.

அதுவும் பொய்யில்லை, ஐயா.