பில்டு முடிய ஏழு நிமிடம்

ஹெர்பர்ட் அண்ணே, எனக்குக் கோப்பி பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேலாளர் என்ற முறையில் நீங்கள் விளக்கக் கடிதம் கேட்டிருக்கிறீர்கள். தமிழிலேயே எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதினால் தலைமையகத்தில் எல்லோரும் படிப்பார்கள்.

நம் லூனாஸ் அலுவலகத்தில் தோட்டக் கம்பெனிகளுக்கும் ஆலைகளுக்கும் ஜாவாவில் இணையச் செயலிகள் எழுதுகிறோம். ஒரு வரியை மாற்றினாலும் முழுச் செயலியையும் தொகுத்து, சர்வரில் ஏற்றித்தான் பார்க்க வேண்டும். அதுதான் பில்டு. நம் பழைய பில்டு கருவியில் அதற்கு நாலு நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் யாராலும் எந்த வேலையும் செய்ய முடியாது. டெஸ்டிங் பார்க்கும் லோகேஸ்வரியும் நானும் கீழே பிரேமாவதி அக்கா கடையில் கோப்பி வாங்கிக் குடிப்போம். ஒரு நாளைக்கு மூன்று பில்டு, ஒன்பது வருடம். அவளுடைய மோட்டார் எங்கெல்லாம் பஞ்சர் ஆனது, புக்கிட் செலம்பாவில் அவள் அக்கா வீட்டு டுரியான் மரம் எந்த மழையில் சாய்ந்தது, எல்லாம் எனக்குத் தெரியும். அவளுக்கும் என்னைப் பற்றித் தெரியும். எனக்குக் கோப்பி என்றால் உயிர் என்று எல்லோரிடமும் சொல்வாள்.

ஜனவரியில் ஜித்ராவிலிருந்து சத்தியசீலன் மூன்று மாதத் தற்காலிக வேலைக்கு வந்தான். முதல் கூட்டத்திலேயே பில்டு கருவியை மாற்ற வேண்டும் என்றான். "ரெண்டையும் ரெண்டு வாரம் ஓட்டிப் பாருங்க. எது வேகமோ அதையே எடுத்துக்கலாம்" என்றீர்கள். அவன் வேலை நிரந்தரமாவதும் அதைப் பொறுத்துத்தான் என்றீர்கள். மூத்தவன் என்பதால் சோதனைக் கணினியைத் தயார் செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது.

ஞாயிறு பூசை முடிந்து அலுவலகத்துக்கு வந்து புதிய கருவியை ஓட்டிப் பார்த்தேன். நாற்பது வினாடியில் பில்டு முடிந்தது. நாற்பது வினாடியில் கடைக்குப் போய்ச் சேர முடியாது. இறங்கிப் பார்த்துவிட்டேன்.

ஆகவே புதிய கருவியை ஓட்ட நான் எழுதிய ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்த்தேன். சும்மா காத்திருக்கச் சொல்லும் வரி, அவ்வளவுதான். மொத்தம் ஏழு நிமிடம் வந்தது. அதுவரை திரை வெறுமையாக இருந்தால் நன்றாக இராதே என்று 'பாதுகாப்புச் சோதனை நடக்கிறது' என்று காட்டவும் வைத்தேன். எதையும் சுத்தமாகச் செய்பவன் என்று நீங்களே என் வருடாந்திர மதிப்பீட்டில் எழுதியிருக்கிறீர்கள்.

சத்தியசீலன் இடிந்துபோனான். "ஜித்ராவுல இதே கருவி ஒரு நிமிசத்துல முடிச்சிரும்லா. நான் எங்க தப்பு பண்ணேன்னே தெரியலண்ணே" என்றான். "பரவால்ல தம்பி, எல்லாக் கருவியும் எல்லா எடத்துக்கும் ஒத்து வராது" என்று தோளில் தட்டிக் கொடுத்தேன். அவன் சோதனைக் கணினியை மூன்று முறை அழித்துப் புதிதாக நிறுவினான். மூன்று முறையும் என் ஸ்கிரிப்டை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்து மறுபடி போட்டான். மூத்தவர் எழுதியது, அதில் கை வைக்கக் கூடாது என்ற மரியாதை. நல்ல பிள்ளை.

பதினான்கு பக்கத்தில் அறிக்கை எழுதினேன். நீங்கள் பழைய கருவியே போதும் என்றீர்கள், அவனை வீட்டுக்கு அனுப்பினீர்கள். அவன் பெட்டிகளைக் காரில் ஏற்றியவன் நான்தான். உண்மையாகவே வருத்தமாக இருந்தது. அந்த வாரம் பூசையில் அவனுக்காக வேண்டிக்கொண்டேன்.

போன மாதம் சேர்ந்த நிகோலுக்கு மூத்தவர் என்ற மரியாதையெல்லாம் கிடையாது. ஸ்கிரிப்டைத் திறந்து அந்த வரியைக் கண்டுபிடித்து உங்களிடம் சொல்லிவிட்டாள். பழைய கருவியில் இருக்கும் வரியையும் சொல்லியிருப்பாள். அந்தக் கருவிக்கும் உண்மையில் ஐம்பது வினாடிதான் ஆகும். மீதியை ஒன்பது வருடத்துக்கு முன், லோகேஸ்வரி வேலைக்குச் சேர்ந்த வாரம், நான் சேர்த்தேன். நிகோல் இதைச் சொல்லவில்லையென்றால் இந்தப் பத்தியைப் படிக்காமல் விட்டுவிடுங்கள்.

எனக்கு லோகேஸ்வரியைப் பிடிக்கும். அதை அவளிடம் சொல்லிவிடலாம் என்று நினைக்கும்போதெல்லாம் பில்டு முடிந்துவிடும்.

விஷயம் வெளியே வருவதற்கு முந்தின வாரம் அவள் என் மேசையில் கல்யாணப் பத்திரிகை வைத்தாள். மாப்பிள்ளை சத்தியசீலன், ஜித்ரா.

"பாவம்ணே, ஒவ்வொரு பில்டுக்கும் தலையில கைய வச்சிக்கிட்டு உக்காந்திருப்பாரு. நான்தான் போய்ப் பேச்சுக் குடுத்தேன். நாலு நிமிசத்துல என்ன பேசிற முடியும், சொல்லுங்க? ஏழு நிமிசம் இருந்ததாலதான்லா எல்லாம் பேச முடிஞ்சுச்சு."

வாழ்த்துச் சொன்னேன். இருவரும் கீழே போய்க் கோப்பி குடித்தோம். நான் முழுவதும் குடித்தேன்.

தவறு என்னுடையதுதான் அண்ணே, மறுக்கவில்லை. நன்றாக யோசித்துப் பார்த்துவிட்டேன். ஏழு நிமிடம் அதிகம். நாலரை வைத்திருந்தாலே போதும்.

இப்படிக்கு,
ரஃபேல்